அமெரிக்காவில் உள்ளூர் டிவி நிகழ்ச்சியை ஹெச்டியில் பதிவு செய்து கணினியில் எடிட் செய்வது எப்படி?

மகள் ஸ்பெல்லிங் பீ மேடையில் நிற்கிறாள், அயான் சேனலில் காட்டப்போகிறார்கள். அல்லது தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவை உள்ளூர் சேனல் வந்து படம்பிடித்துப் போயிருக்கிறது, மாலைச் செய்தியில் 2 நிமிடம் வரும் என்கிறார்கள். அந்தத் துண்டை நல்ல தரத்தில் எடுத்து, விளம்பரத்தை வெட்டி, ஊருக்கு அனுப்ப வேண்டும். கேபிள் பெட்டியில் ரெக்கார்டு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் இருந்துவிடுகிறார்கள். பதிவு ஆகும், ஆனால் அந்தப் பெட்டியை விட்டு வெளியே வராது. ஒளிபரப்பு முடிந்தபின் அதற்கு மருந்து கிடையாது. அதனால் குறைந்தது 2 வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

## 1. பதிவு சாதாரணக் கோப்பாகக் கைக்கு வருமா?

எந்தச் சாதனம் வாங்கும் முன்பும் இந்த ஒன்றைக் கேளுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கேபிள், சாட்டிலைட் நிறுவனங்கள் தரும் டிவிஆர் பெட்டிகளில் பதிவு பூட்டப்பட்டு இருக்கும். உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் ஒன்றும் தெரியாது, திறவுகோல் பெட்டிக்குள் இருக்கிறது. யூட்யூப் டிவி போன்றவற்றின் கிளவுட் டிவிஆரும் அப்படித்தான். பார்க்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது.

பெட்டியின் ஹெச்டிஎம்ஐ வயரை 20 டாலர் கேப்சர் கார்டில் (வயரில் வரும் படத்தைக் கணினியில் பதியும் கருவி) செருகினால் போதுமே என்று தோன்றும். செருகினால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் வரும். ஹெச்டிசிபி என்ற நகல் தடுப்பு அந்த வயரிலேயே ஓடுகிறது. அதை உரித்துவிடும் ஸ்ப்ளிட்டர்களும் சந்தையில் உண்டு. ஆனால் பூட்டை உடைப்பது டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201ஆம் பிரிவில் வந்து விழும். வீட்டு வீடியோவுக்காக அந்த வம்பு வேண்டாம்.

மிஞ்சுவது ஆன்டெனா. ஏபிசி, என்பிசி, சிபிஎஸ், ஃபாக்ஸ், பிபிஎஸ், அயான் எல்லாம் பெரும்பாலான ஊர்களில் காற்றில் இலவசமாக வருகின்றன. ஏடிஎஸ்சி 1.0 என்ற இந்த வழக்கமான டிஜிட்டல் ஒளிபரப்பில் பூட்டு இல்லை. நிலையம் அனுப்பும் அதே பிட்டுகள் அப்படியே உங்கள் டிஸ்க்கில் வந்து விழும். பெரும்பாலும் கேபிளில் வருவதைவிடத் தரமும் நன்றாக இருக்கும், ஏனென்றால் நடுவில் யாரும் மறுபடி சுருக்குவதில்லை.

## 2. உங்கள் முகவரிக்கு எந்தச் சேனல் எட்டும்?

ரேபிட்இயர்ஸ் தளத்தில் முகவரியைப் போடுங்கள். எந்த நிலையம், எத்தனை மைல், எந்தத் திசை, எவ்வளவு பலம் என்று பட்டியல் வரும். ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்சிசியின் தளத்திலும் இதுபோல ஒரு வரைபடம் இருக்கிறது, ஆனால் ரேபிட்இயர்ஸில் விவரம் அதிகம்.

அந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது, திரையில் தெரியும் எண்ணை அல்ல, உண்மையான அலைவரிசை எண்ணை. '7' என்று காட்டும் சேனல் உண்மையில் 22இல் ஒளிபரப்பாகலாம். உண்மை எண் 14 முதல் 36 வரை இருந்தால் யுஹெச்எஃப். சிறிய தட்டை ஆன்டெனாவே பிடிக்கும். 7 முதல் 13 வரை என்றால் மேல் விஹெச்எஃப். கடையில் தொங்கும் மெல்லிய தாள் ஆன்டெனாக்கள் இதில்தான் சொதப்பும். 2 முதல் 6 வரை என்றால் இன்னும் கஷ்டம். பிலடெல்பியாவின் ஏபிசி நிலையம் இன்றும் 6இல்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இரண்டு கொம்பை இழுத்து நீட்டும் பழைய பாணி ஆன்டெனாவை வாங்குவது நல்லது.

பெட்டியில் '250 மைல்' என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். பூமி வளைந்திருக்கிறது. 60, 70 மைலுக்கு அப்பால் கூரை ஆன்டெனாவே தடுமாறும்.

## 3. வாடகை வீடா? அனுமதிக் கடிதம் வேண்டுமா?

அப்பார்ட்மென்ட் மேனேஜர் 'ஆன்டெனா கூடாது' என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். எஃப்சிசியின் ஓடார்ட் விதிப்படி, நீங்கள் மட்டும் பயன்படுத்தும் பால்கனியிலோ பேஷியோவிலோ உள்ளூர் டிவி ஆன்டெனா வைப்பதை வீட்டுக்காரரோ ஹெச்ஓஏ எனப்படும் குடியிருப்புச் சங்கமோ பொதுவாகத் தடுக்க முடியாது. முன் அனுமதிக்காக உங்களைக் காக்க வைக்கவும் கூடாது. ஆனால் பொதுக் கூரை, வராந்தா, வெளிச்சுவர் போன்ற இடங்களுக்கு இந்த விதி பொருந்தாது. சுவரில் துளை போடுவதையும் அவர்கள் தடுக்கலாம். ஆகவே பால்கனியில் ஸ்டாண்டு வைத்து, கதவிடுக்கில் நுழையும் தட்டையான கோஆக்சியல் துண்டு ஒன்று வாங்கி உள்ளே கொண்டுவாருங்கள். பேச்சு முற்றினால் அந்த விதியின் பக்கத்தை அச்செடுத்து, லீஸ் நகலோடு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்ச்சண்டையைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

சொந்த வீட்டில் கூரையில் ஏற்றுகிறீர்கள் என்றால் எர்த்திங் கட்டாயம். ஆன்டெனா கம்பத்தையும் கோஆக்சியல் வயரையும் வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

## 4. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்?

இரண்டு வழி இருக்கிறது.

மலிவு வழி: மீடியாசானிக் ஹோம்வொர்க்ஸ் போன்ற கன்வர்ட்டர் பெட்டி, 30 முதல் 40 டாலர். ஆன்டெனா வயரை ஒரு பக்கம் செருகி, யுஎஸ்பி டிரைவை முன்பக்கம் செருகினால் நேரம் வைத்துப் பதிவு செய்யலாம். டிரைவைப் பிடுங்கிக் கணினியில் போட்டால் கோப்பு இருக்கும். ஒரே ஒரு நிகழ்ச்சிக்கு இதுவே தாராளம்.

இதில் இரண்டு குழி உண்டு. டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு நிற்காது, பெட்டி துண்டு துண்டாக எழுதும். பின்னால் ஒட்டிக்கொள்ளலாம், பயப்பட வேண்டாம், ஆனால் எந்தத் துண்டையும் தவறவிடாதீர்கள். அடுத்தது மின்சாரம். சுழலும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்தப் பெட்டியின் யுஎஸ்பி பல நேரம் போதாது, நடுவில் பதிவு நின்றுவிடும். பென் டிரைவோ தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கோ போடுங்கள். எழுதும் வேகம் குறைந்த மலிவுப் பென் டிரைவிலும் படம் அங்கங்கே எகிறும்.

நிம்மதி வழி: ஹெச்டிஹோம்ரன் ஃப்ளெக்ஸ் போன்ற நெட்வொர்க் ட்யூனர். இரண்டு ட்யூனர் உள்ள டூயோ சுமார் 110 டாலர், நான்கு உள்ளது சுமார் 150. தள்ளுபடியில் குறையும். ஆன்டெனாவை இதில் செருகி, இதை ரவுட்டரில் ஈத்தர்நெட் வயரால் இணைத்தால் வீட்டில் உள்ள எந்தக் கணினியும் சேனலைப் பிடிக்கலாம். பதிவு நேரே கணினியின் டிஸ்க்கில் விழும். அவர்களுடைய சொந்த டிவிஆர் சேவைக்கு ஆண்டுக்கு 35 டாலர். காசு கொடுக்க மனமில்லை என்றால் நெக்ஸ்ட்பிவிஆர் என்ற இலவச மென்பொருள் இதே ட்யூனரோடு நன்றாக ஓடும், ஒளிபரப்போடு வரும் நிகழ்ச்சி அட்டவணையையே எடுத்துக்கொள்ளும்.

ஆன்டெனாவுக்கு 20 முதல் 60 டாலர், ஆர்ஜி6 வயருக்கு 10 அல்லது 15 டாலர் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது.

'ஏடிஎஸ்சி 3.0', 'நெக்ஸ்ட்ஜென்' என்று எழுதியிருக்கும் விலை கூடிய பெட்டியைப் புதுசு என்பதற்காக வாங்காதீர்கள். அந்த முறையில் பல நிலையங்கள் பூட்டுப் போட்டே ஒளிபரப்புகின்றன. பூட்டில்லாத சேனலிலும் ஒலி ஏசி-4 வடிவில் வரும், பெரும்பாலான எடிட்டிங் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாது. உங்கள் வேலைக்கு 1.0தான் சரி.

டேப்லோ போன்ற ஆப் வழி டிவிஆர்கள் பார்க்க வசதியானவை. கோப்பை வெளியே எடுக்கத்தான் சிரமம். 1ஆம் கேள்வியை இங்கேயும் கேளுங்கள்.

## 5. சிக்னலைச் சரிபார்ப்பது

சேனல் தெரிகிறது என்பதற்கும் பதிவு சுத்தமாக இருக்கும் என்பதற்கும் நிறைய தூரம். மணிக்கொரு முறை கட்டம் கட்டமாக உடைந்தால் பார்ப்பவர் சகித்துக்கொள்வார். எடிட்டிங் மென்பொருள் அந்த இடத்தில்தான் ஒலியையும் படத்தையும் பிரித்துவிடும்.

ஹெச்டிஹோம்ரன் மூன்று எண் காட்டும்: சிக்னல் பலம், சிக்னல் தரம், சிம்பல் தரம். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது. அது 100 சதவீதத்தில் அசையாமல் நிற்க வேண்டும். 98க்கு இறங்கினாலும் திரையில் உடையும். பலம் 100 என்று காட்டுவது நல்ல அறிகுறி என்று நினைக்க வேண்டாம். கோபுரம் 8, 10 மைலில் இருந்து, ஆன்டெனாவோடு வந்த ஆம்ப்ளிஃபயரையும் போட்டிருந்தால் ட்யூனர் திணறிப்போகும். பலம் 100, சிம்பல் தரம் 60 என்று தெரிந்தால் முதலில் ஆம்ப்ளிஃபயரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

பலமே குறைவாக இருந்தால் ஆன்டெனாவை ஜன்னலுக்கும், முடிந்தால் வெளியேயும் நகர்த்துங்கள். தகடு பதித்த வெப்பத் தடுப்பு ஜன்னல் கண்ணாடி அலையை நன்றாகவே தின்னும். நடுவில் ஸ்ப்ளிட்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இரண்டாகப் பிரித்தாலே 3.5 டெசிபல் போய்விடும். பக்கத்தில் செல்போன் கோபுரம் இருந்தால் எல்டிஇ ஃபில்டர் என்று ஒரு விரல் நீளக் குழாய் கிடைக்கும், அதைப் போட்டுப் பாருங்கள்.

நிகழ்ச்சிக்கு 3, 4 நாள் முன்பு, அதே சேனலை, அதே நேரத்தில் ஒரு மணி நேரம் சோதனைக்குப் பதிவு செய்யுங்கள். காலையில் சுத்தமாக வரும் சேனல் இரவில் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம்.

## 6. பதிவு நாளன்று

ஒரு 6 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நிலையத்துக்குக் கிடைப்பது மொத்தம் நொடிக்கு 19.39 மெகாபிட். அதைத் துணைச் சேனல்களுக்கும் பங்கிட்டது போக, ஹெச்டி சேனலுக்கு 10 மெகாபிட் அளவு நின்றால் மணிக்கு சுமார் 4.5 ஜிபி. முழுவதும் ஒரே சேனலுக்கு என்றால் மணிக்கு 8.7 ஜிபி வரை போகும். 3 மணி நேர நிகழ்ச்சிக்கு 30 ஜிபி காலியாக வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

தொடக்கத்துக்கு 2 நிமிடம் முன்பும், முடிவுக்கு 30 நிமிடம் பின்பும் நேரத்தை நீட்டி வையுங்கள். நேரலை நிகழ்ச்சிகள் இழுத்துக்கொண்டு போகும். அதற்கு முன் ஃபுட்பால் மேட்ச் இருந்தால் ஒரு மணி நேரமே சேர்க்கலாம், டிஸ்க் இடம் மலிவு.

கணினி தூங்காமல் இருக்க ஸ்லீப் அமைப்பை அணையுங்கள். விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரம் தள்ளிவையுங்கள், இரவு 9 மணிக்குத் தானாக ரீஸ்டார்ட் ஆனால் யாரை நோவது? கணினியை வைஃபையில் விடாமல் வயரில் இணையுங்கள். வலையில் வேகம் போதுமானதாகத் தெரிந்தாலும், பக்கத்து அறையில் மைக்ரோவேவ் ஓடும் அந்த இரண்டு நிமிடத்தில் பாக்கெட் உதிரும். முதல்முறை ஃபயர்வால் அனுமதி கேட்கும்போது 'பிரைவேட் நெட்வொர்க்' என்பதை டிக் செய்யுங்கள், இல்லையென்றால் ட்யூனர் கண்ணிலேயே படாது.

உள்ளூர்ச் செய்தி என்றால் ஒரு நல்ல விஷயம்: மாலை 5, 6, இரவு 11 என்று அதே துண்டு மறுபடி வர வாய்ப்பு உண்டு. மூன்றையும் பதிவு போட்டு வையுங்கள். சில சமயம் 11 மணிப் பதிப்பில் சுருக்கிவிடுவார்கள், 5 மணிப் பதிப்புதான் நீளமாக இருக்கும்.

## 7. முதலில் வெட்டு, பிறகு மாற்று

கிடைக்கும் கோப்பு டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் வகை. பெயரின் வால் டிஎஸ், எம்டிஎஸ், எம்பிஜி என்று எதுவாக இருந்தாலும் உள்ளே எம்பெக்-2 படமும் டால்பி டிஜிட்டல் ஒலியும் இருக்கும். இதை அப்படியே எடிட்டிங் மென்பொருளில் இழுத்துப் போடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. ஓடும், திக்கும், ஒலி விலகும், சில மென்பொருளில் ஒலியே வராது.

லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் கோப்பைத் திறந்து, வேண்டிய 3 நிமிடத்தை மட்டும் முதலில் தனியாக எடுங்கள். கிட்ஹப்பில் இலவசமாகவும் ஆப் ஸ்டோர்களில் காசுக்கும் கிடைக்கிறது, இரண்டும் ஒன்றே. எம்பெக்-2 என்பதால் முன்னோட்டம் மங்கலாகத் தெரியலாம். வெட்டி வரும் கோப்பின் தரம் குறையாது. துண்டு துண்டாக வந்த பதிவை ஒட்டுவதற்கும் இதிலேயே வழி உண்டு, பெயர் வரிசையை மட்டும் சரிபாருங்கள்.

வேண்டிய இடத்துக்கு 2, 3 நொடி முன்பே வெட்டுங்கள். இந்த வகைப் படத்தில் முழுச் சட்டம் (ஃப்ரேம்) அரை நொடிக்கு ஒன்றுதான் வரும், இடையில் உள்ளவை 'முந்தையதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்புகள் மட்டுமே. முழுச் சட்டம் இல்லாத இடத்தில் வெட்டினால் தொடக்கம் சாம்பல் நிறமாகவோ உறைந்தோ வரும். நுணுக்கமான வெட்டு எல்லாம் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம்.

எப்போதாவது, ஒரு மணி நேரப் பதிவு 26 மணி நேரம் என்று காட்டும், அல்லது நடுவில் தாவும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். ஒளிபரப்பின் உள்கடிகாரம் சுமார் 26 மணி 30 நிமிடத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், உங்கள் பதிவு அந்தக் கணத்தில் சிக்கியிருக்கிறது. அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் தனித்தனியாக வெட்டி எடுத்து ஒட்டினால் போதும்.

## 8. ஹேண்ட்பிரேக்கில் மாற்றுவது

என்பிசி, சிபிஎஸ் நிலையங்கள் பெரும்பாலும் 1080ஐ. ஏபிசி, ஃபாக்ஸ், அயான் பெரும்பாலும் 720பி. உங்கள் கோப்பு எது என்று ஹேண்ட்பிரேக் என்ற இலவச வடிவ மாற்று மென்பொருளில் திறந்ததும் முதல் திரையிலேயே தெரியும். இனி செய்வது அதைப் பொறுத்தது.

1080ஐ என்றால்: ஒவ்வொரு சட்டமும் இரண்டு அரைப் படங்களின் பின்னல். கை வீசும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிவது இதனால்தான். ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸ் (பின்னலைப் பிரிப்பது) 'பிடபிள்யூடிஃப்', அதன் ப்ரீசெட் 'பாப்' என்று வையுங்கள். ஃப்ரேம் ரேட்டை (நொடிக்கு எத்தனை சட்டம்) 59.94 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் பாதி அசைவு தொலைந்துபோகும். பரதநாட்டியக் காட்சியில் அடவு வெட்டி வெட்டித் தெரியும்.

720பி என்றால்: ஏற்கெனவே நொடிக்கு 59.94 முழுச் சட்டம். டீஇன்டர்லேஸை முழுதும் அணைத்துவிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானவை: ஃப்ரேம் ரேட் 'கான்ஸ்டன்ட்', தரம் ஆர்எஃப் 18, வடிவம் எம்பி4, ஹெச்.264. ஓரம் வெட்டும் ஆட்டோ கிராப் வேண்டாம், இருட்டு மேடைக் காட்சியில் அது படத்தின் ஓரத்தையே கறுப்புப் பட்டை என்று நினைத்து அரிந்துவிடும்.

ஒலியில்தான் பெரிய குழி. நிகழ்ச்சி 5.1 ஒலியில் போய்க்கொண்டிருக்கும், விளம்பரம் வந்ததும் ஸ்டீரியோவுக்கு மாறும், மறுபடி 5.1. இப்படி நடுவழியில் மாறும் கோப்பை எடிட்டிங் மென்பொருள் எதிர்பார்ப்பதில்லை. விளம்பரத்துக்குப் பின் ஒலி நின்றுபோவது அல்லது பேச்சு மட்டும் காணாமல் போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் 'பாஸ்த்ரூ' (ஒலியை அப்படியே விடுவது) வைக்காமல், ஏஏசி ஸ்டீரியோ, 256 என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஒலித்தடம் தெரிந்தால் முதலாவதை எடுங்கள். இரண்டாவது பெரும்பாலும் ஸ்பானிஷ் அல்லது பார்வையற்றோருக்கான விவரணை.

குளோஸ்டு கேப்ஷன் படத்துக்குள்ளேயே புதைந்து வரும், மாற்றும்போது போய்விடும். வேண்டுமென்றால் சப்டைட்டில் பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

3 நிமிடத் துண்டுக்கு சாதாரண லேப்டாப்பில் சில நிமிடங்களே ஆகும். முழு 3 மணி நேரத்தையும் மாற்றினால் ராத்திரி முழுக்க ஓடலாம். அதனால்தான் முதலில் வெட்டச் சொன்னது.

## 9. எடிட்டிங்

இப்போது கையில் இருப்பது எந்த மென்பொருளும் தின்னும் கோப்பு. டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பும் நல்லது, ஆனால் விண்டோஸிலோ மேக்கிலோ ஓட்டுங்கள். லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு ஹெச்.264ஐத் திறக்காது. புதியவர்களுக்கு ஷாட்கட் போதும், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

ப்ராஜெக்ட் அமைப்பை 59.94க்கு வைத்துவிட்டுத்தான் முதல் கிளிப்பைப் போட வேண்டும். ரிசால்வில் ஒருமுறை டைம்லைன் உருவானபின் ஃப்ரேம் ரேட்டை மாற்ற விடாது. 720பி துண்டையும் செல்போனில் எடுத்த 30 ஃப்ரேம் வீடியோவையும் சேர்ப்பதாக இருந்தால், டிவித் துண்டின் வேகத்தையே ப்ராஜெக்டுக்கு வையுங்கள்.

## 10. ஊருக்கு அனுப்புவதும் இணையத்தில் போடுவதும்

வீட்டில் பார்க்கப் பதிவு செய்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984லேயே அனுமதித்துவிட்டது. இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. யூட்யூபில் 'அன்லிஸ்டட்' என்று போட்டாலும் கன்டென்ட் ஐடி என்ற அதன் உரிமைச் சோதனை கண்டுபிடித்துவிடலாம். சங்கத்தின் வலைத்தளத்தில் போட வேண்டும் என்றால் நிலையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, நிகழ்ச்சி பெயர், தேதி, நேரம், எந்தத் தளம் என்பதைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். செய்தித் துண்டுகளை அவர்களே தங்கள் தளத்தில் ஏற்றியிருப்பார்கள், அந்த இணைப்பைக் கொடுப்பது அதைவிட எளிது.

வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பினால் இத்தனை பாடுபட்டதையும் அது பிசைந்து மங்கலாக்கிவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்புங்கள், 2 ஜிபி வரை அப்படியே போகும். ஊரில் பென் டிரைவில் போட்டுப் பழைய டிவியில் பார்ப்பார்கள் என்றால், 29.97 ஃப்ரேமில் இன்னொரு நகலும் எடுத்து அதே டிரைவில் வையுங்கள். சில டிவிகள் 59.94 கோப்பைத் திறந்து ஒலியை மட்டும் ஓட்டிவிட்டுப் படத்தைக் காட்டாது.